பச்சை வேன் செல்ஃப் எடுக்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

நேற்று எழுதியது தவறு. ‘பேட்டரி சரி. ஒயர்கள் சரி. குறை செல்ஃப் மோட்டாரில்தான்’ என்று எழுதி, அதற்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருக்கிறேன். இன்று அந்தக் கோட்டைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அக்காவிடம் சொன்னேன். அக்கா அதை வேன் முதலாளியிடம் சொன்னாள். இன்று காலை, எஞ்சினைக் கிளப்புகிற அந்த செல்ஃப் மோட்டாரை மாற்றினார்கள். மதியம் இரண்டாவது வீட்டு வாசலிலேயே வேன் மறுபடி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் கொர், கொர் என்று இரண்டு முனகல், பிறகு ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஒரு முறை மாற்றிய மோட்டார் அது. இப்போது என் பேச்சைக் கேட்டு இரண்டாவது.

அக்கா ஓட்டுவது பச்சை வேன். முதியோர் பகல் மையத்துக்குக் காலையில் ஆட்களை ஏற்றிப் போய், மதியம் வீடு வீடாக இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் எஞ்சினை அணைத்த பிறகுதான் ஆளை இறக்கலாம் என்பது மையத்தின் விதி. காலையில் ஒரே திருப்பில் எடுக்கிற வண்டி, மதியம் எஞ்சின் சூடானதும் இப்படி அடம்பிடிக்கிறது. உள்ளே வெயிலில் ஏழெட்டு முதியவர்கள். அவர்களை இறங்கித் தள்ளச் சொல்ல முடியுமா?

இதோடு இன்னொரு புகாரும் இருக்கிறது. கிளட்ச் ஒயர். அது இறுகி இறுகிப் போகிறது. இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. முதலாளியின் மச்சான்தான் மெக்கானிக். முதலாளி மச்சான் என்று கூப்பிடுவதால் ஷெட்டில் எல்லா டிரைவர்களும் அவரை மச்சான் என்றே கூப்பிடுகிறார்கள், என் அக்காவைத் தவிர. அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: “அந்தப் பொண்ணு எந்நேரமும் கிளட்ச் மேலயே கால வச்சிருக்கு. ஹாஃப் கிளட்ச். லைட்டை அணைக்காம விட்டுட்டுப் போயிடுது, பேட்டரி படுத்துடுது. வண்டில ஒண்ணும் இல்ல, ஓட்டுற ஆள்லதான்.”

முதலாளி இன்று மாலை அக்காவிடம் சொன்னது இது. சனிக்கிழமை காலை எல்லா டிரைவர்களும் ஷெட்டுக்கு வருவார்கள். அவர்கள் முன்னால் அக்கா ‘ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டினேன், என் தப்புதான்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் பச்சை வேன் அவளிடமே இருக்கும். சொல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம்.

“சொல்லிட்டுத்தான் போயேன்டி. வாய் என்ன வலிக்கவா போகுது?” என்றாள் அம்மா.

“வலிக்கும்,” என்றாள் அக்கா. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நான் அக்கா பக்கம் பேசாததற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஹாஃப் கிளட்ச் விஷயத்தில் மச்சான் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது.

மார்ச் 4, புதன்

வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நாள் முழுக்க யோசித்தேன். இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்து வைத்தேன். அவர் நல்லவர், “எனக்கு இருமுறது வாயாலதான் தம்பி,” என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

மாலையில் நான் போகும் வண்டி எலக்ட்ரீஷியன் வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பயிற்சி மேசையில் ஒரு செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தியிருக்கும். அதற்குப் போகும் தடித்த ஒயரை யாரோ முந்தைய வகுப்பில் ஏறக்குறைய முழுக்க நறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே ஒரே ஒரு செம்பு இழைதான் மிச்சம். அது தெரியாமல் நான் வழக்கம்போல மீட்டரை, மின்சாரம் போக வழி இருந்தால் சத்தமிடும் ‘பீப்’பில் வைத்து ஒயரின் இரண்டு முனைகளையும் தொட்டேன். பீப் என்றது. ஒயர் சரி என்று எழுதிக்கொண்டேன். பிறகு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் அசையவில்லை. அந்த ஒற்றை இழை சிவந்து, புகைந்து, பட்டென்று அறுந்தது.

“யாருப்பா அங்க என் ஒயரைக் கொளுத்துறது?” என்று ஆசிரியை பலகையிலிருந்து திரும்பாமலே கத்தினார்.

“மீட்டர் தம்பிதான் மேடம்,” என்று நான்கு பேர் சேர்ந்து சொன்னார்கள். எனக்கு அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து இருக்கைத் தையல்காரர். எதைப் பார்த்தாலும் மீட்டரை எடுப்பேனாம்; ஒருநாள் டீ டம்ளரையும் அளப்பேனாம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீப் சத்தத்துக்கு ஒரு இழை போதும். மோட்டாருக்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வேனில் நான் செய்தது இதையேதான். எஞ்சின் அணைந்து ஆறிக் கிடந்தபோது, ஒயர்களைத் தொட்டுத் தொட்டு பீப் கேட்டுவிட்டு எல்லாமே சரி என்று எழுதினேன். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளிடம் ‘மூட்டை தூக்குவாயா’ என்று கேட்டு, அவன் தலையாட்டியதை நம்பியது போல. தலையில் மூட்டையை ஏற்றிவிட்டல்லவா பார்த்திருக்க வேண்டும்?

சாவியைத் திருப்பி, மோட்டார் இழுக்கிற அந்த நேரத்தில்தான் அளக்க வேண்டும். பேட்டரியின் மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வோல்ட் காட்டவே கூடாது. காட்டினால் அந்த வழியில்தான் அடைப்பு.

இதுவும் தவறாகப் போகலாம். கோடு போடவில்லை.

மார்ச் 5, வியாழன்

இரவில் வேன் எங்கள் வீட்டு முன்னால்தான் நிற்கும். அக்கா மாலையில் கொண்டுவந்து நிறுத்தியதும், எஞ்சின் ஆறுவதற்கு முன்பே பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? தண்ணியாவது குடிக்க விடுடா.”

“ஆறிடும்க்கா. சூட்டோட பாக்கணும்.”

“நீ பாத்துப் பாத்துத்தான் மோட்டார் போச்சு,” என்றாள். ஆனாலும் தண்ணீர் குடிக்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். சாவியைத் திருப்பச் சொன்னேன். கொர், கொர். பேட்டரி பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. படுத்துப்போன பேட்டரி என்றால் எட்டுக்கோ ஏழுக்கோ போயிருக்கும். சரி, பேட்டரி அல்ல. அடுத்து பிளஸ் பக்கம், பேட்டரியிலிருந்து மோட்டார் வரை. கால் வோல்ட்கூட இல்லை. அங்கேயும் அடைப்பு இல்லை.

பிறகு கறுப்பு ஊசியைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு ஊசியை எஞ்சின் இரும்பிலும் அழுத்திப் பிடித்தேன்.

“திருப்புக்கா.”

மூன்றரை வோல்ட்.

என் கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். எஞ்சினில் வேறொரு இடத்தைச் சுத்தமாகத் துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் மூன்றரை. பேட்டரி மைனஸிலிருந்து வேனின் உடலுக்கு வைத்துப் பார்த்தேன். அது சரியாக இருந்தது. அப்படியானால் உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையில்தான் வழி அடைபட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பட்டை ஒயர் இருக்கும். எர்த் ஒயர். மோட்டார் குடித்த மின்சாரம் எல்லாம் பேட்டரிக்குத் திரும்புகிற வழி அது.

“இன்னொரு தடவை,” என்றேன்.

“போதும்டா. கிளட்ச் திரும்பவும் இறுகிப்போச்சு. சாவியைத் திருப்பத் திருப்பத்தான் இறுகுதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஒருத்தனும் காதுல வாங்கறதில்ல.”

இதை அக்கா முன்பே சொல்லியிருக்கிறாள். மச்சானிடம் சொன்னபோது, ‘சாவிக்கும் கிளட்ச்சுக்கும் என்னம்மா சம்பந்தம், சமையல்கட்டுல ஸ்விட்ச் போட்டா மாடில தண்ணி வருமா?’ என்று கேட்டாராம். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். நானும் காதில் வாங்கவில்லை.

குனிந்து, பெடலிலிருந்து எஞ்சின் பக்கம் போகிற கிளட்ச் ஒயரைப் பிடித்தேன். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். சுட்டது. அதற்கு அருகில் சூடான எதுவும் இல்லை. சைலன்ஸர் அந்தப் பக்கம். ஒயர் தானாகவே சூடாகியிருந்தது.

கொஞ்ச நேரம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். எர்த் ஒயர் வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருக்காது. எஞ்சினையும் உடலையும் இணைக்கிற வேறு இரும்பு எது கிடைத்தாலும் அதன் வழியே புகுந்து திரும்பும். அந்த வண்டியில் அப்படி இருப்பது கிளட்ச் ஒயர். மோட்டாருக்கான மின்சாரம் ஒரு மெல்லிய கம்பிச்சுருளுக்குள் புகுந்தால் அது சூடாகாமல் என்ன செய்யும்? உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை இளகி ஒட்டிக்கொள்கிறது. கிளட்ச் இறுகுகிறது. இரண்டு குற்றம் என்று சொன்னார்களே, இரண்டும் ஒரே குறை. அக்காவின் காலுக்கு இதில் வேலையே இல்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் புகுந்து பார்த்தேன். பட்டை ஒயர் புத்தம்புதிதாக இருந்தது. அது உடலில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில், முனைக்கு அடியில், பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். முதலாளிக்குப் பெயிண்ட் என்றால் உயிர். ‘பெயிண்ட் அடிச்சா வண்டிக்குப் பாதி வயசு கொறையும்’ என்பார். சென்ற மாதம் மூன்று வேன்களுக்கும் மேலே புது நிறம், அடியில் துருப்பிடிக்காத கறுப்பு. எல்லாவற்றையும் கழற்றி, ஒரு இடம் விடாமல் அடித்து, மின்சாரம் புகாத அந்தப் பெயிண்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். மோட்டாரை மாற்றும்போதெல்லாம் பட்டை ஒயரும் அசையும். இரும்பு கொஞ்சம் தொட்டுக்கொள்ளும். சில நாள் ஓடும். முதல் தடவை மோட்டாரை மாற்றிய பிறகு நன்றாக ஓடியது இதனால்தான். இந்த முறை ஒருநாள்கூடத் தாங்கவில்லை.

வெளியே வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்: “அப்ப நீயும் நான் ஹாஃப் கிளட்ச்ல ஓட்டறேன்னுதான் நெனச்சிட்டிருந்தியா?”

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. “கொஞ்சம்,” என்றேன்.

“கொஞ்சமா! இதையும் அளந்து வச்சிருக்கான் பாரு,” என்று தலையில் தட்டினாள். வலித்தது.

உப்புத்தாளும் ஸ்பேனரும் எடுத்துவந்தேன். சுரண்டி மாட்டக் கால் மணி நேரம் போதும். அக்கா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தொடாத.”

“ஏன்க்கா? இப்பவே சரியாயிடும்.”

“சரியாயிடும்டா. சரியானா என்ன சொல்லுவாங்க? புது மோட்டார் போட்டோம், இப்பதான் செட் ஆச்சு, இந்தப் பொண்ணும் பயந்து ஒழுங்கா ஓட்டுதுன்னுவாங்க. பெயிண்ட் அங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை அவங்க கண்ணு முன்னாடி எடுப்போம்.”

“நாளைக்கு வண்டி நின்னா? உள்ள பெரியவங்க இருக்காங்களே.”

“அதுக்குத்தானே நீ படிக்கிற. வழி சொல்லு.”

யோசித்தேன். வகுப்புப் பையில், முனைகளில் கவ்வி உள்ள தடித்த ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி இருக்கிறது. அதில் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சினுக்கு மாட்டினால், அடைபட்ட வழிக்குப் பதிலாக ஒரு மாற்று வழி கிடைக்கும். மாட்டி, ஓடுகிற எதிலும் உரசாமல் கட்டினேன். அக்கா சாவியைத் தொட்டதும் எஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

மார்ச் 6, வெள்ளி

நான் கடையில் இருந்தேன். ஒவ்வொரு தடவை போன் ஒலிக்கும்போதும் வேன் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நிற்கவில்லை. எல்லா வாசலிலும் ஒரே திருப்பு. முன் இருக்கையில் உட்காரும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் கடைசி வீட்டில் இறங்கும்போது அக்காவிடம் கேட்டாராம்: “என்னம்மா, இன்னைக்கு எல்லா ஸ்டேஷன்லயும் சரியான நேரத்துக்குக் கிளம்பிட்டோமே. தப்பான வண்டில ஏறிட்டேனா?”

கிளட்ச் ஒரு தடவைகூட இறுகவில்லையாம். ஆனாலும் ஏற்கெனவே இளகிய ஒயர், மாற்றத்தான் வேண்டும்.

அம்மா இன்றும் சொன்னாள்: “குறை தெரிஞ்சிடுச்சில்ல, மெதுவா அவங்க காதுல போட்டுட்டு, அந்த ரெண்டு வார்த்தையையும் சொல்லிட்டு வேலையப் பாருடி.” அக்கா நாளைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டாள். காலரை இரண்டு தடவை தேய்த்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளை அங்கே வைத்து மீட்டர் வேறு எதையாவது காட்டினால்?

மார்ச் 7, சனி

வேனை ஒரு பெரிய சுற்று ஓட்டி, நன்றாகச் சூடாக்கி ஷெட்டுக்குள் கொண்டுபோனோம். மற்ற இரண்டு வேன்களும் ஏற்கெனவே நின்றிருந்தன. மூன்றுமே புதுப் பெயிண்டில் மிட்டாய் போல மின்னின. முதலாளி நாற்காலியில். மச்சான் டயர் மேல். நீல வேன் ஓட்டும் மீசைக்காரரும் வெள்ளை வேன் ஓட்டும் இளைஞரும் சுவரோரம்.

“சொல்லும்மா,” என்றார் முதலாளி. “சீக்கிரம் முடிச்சிடலாம்.”

“சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டிய எடுத்துக் காட்டறேன்,” என்றாள் அக்கா.

நான் ஜம்பர் கேபிளைக் கழற்றினேன். அக்கா சாவியைத் திருப்பினாள். கொர், கொர்.

“இதைத்தானே நாங்களும் சொல்றோம்?” என்றார் மச்சான்.

கேபிளை மைனஸிலிருந்து எஞ்சினுக்கு மாட்டினேன். அக்கா திருப்பினாள். ஒரே திருப்பில் எடுத்தது. வெள்ளை வேன் இளைஞர் விசிலடித்தார். முதலாளி பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“எக்ஸ்ட்ரா கேபிள் போட்டா எந்த வண்டிதான் எடுக்காது?” என்றார் மச்சான். “பேட்டரி வீக்குன்னு அர்த்தம். மீட்டர் வச்சா வண்டி ஓடாது தம்பி. காதால கேக்கணும்.”

என் தொண்டை உலர்ந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் ‘இருக்கலாம் அண்ணே’ என்று சொல்லியிருப்பேன். ஆனால் இதற்கு விடை இருந்தது. எஞ்சினை அணைக்கச் சொல்லி, அதே கேபிளைக் கழற்றி பிளஸ் பக்கம் மாட்டினேன். பேட்டரி பிளஸிலிருந்து நேராக மோட்டாருக்கு. “இதுவும் அதே எக்ஸ்ட்ரா கேபிள்தான் அண்ணே. திருப்புக்கா.”

கொர், கொர்.

“கேட்டீங்களா?” என்றேன். “காதாலதானே கேக்கணும்னு சொன்னீங்க.”

மச்சான் எழுந்து நின்றார். அக்கா இறங்கி வந்து முதலாளியிடம் சொன்னாள்: “சார், இந்தக் கிளட்ச் ஒயரைக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க. நான் கீழதான் நிக்கிறேன். என் கால் தரையிலதான் இருக்கு.”

கேபிள் எதுவும் இல்லாமல் நானே ஏறி, கிளட்ச்சைத் தொடாமல் சாவியைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். முதலாளி “ஆ!” என்று கையை உதறினார்.

அடியில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன், எர்த் என்பதற்குப் பதில் ஒரு தடவை கிளட்ச் என்று சொல்லித் திருத்தினேன். முதலாளி முட்டி போட்டுக் குனிந்து, அந்த போல்ட்டைப் பார்த்தார். தன் பெயிண்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

எழுந்ததும் அக்காவைத் தனியாக அழைப்பது போலக் குரலைத் தாழ்த்தினார். ஆனால் ஷெட் தகரம், எல்லாம் கேட்டது. “சரிம்மா. வண்டி உன்கிட்டயே இருக்கட்டும். இத மச்சான் பாத்துச் சரி பண்ணதா இருக்கட்டும். நீ பேச்சுக்கு அந்தக் கிளட்ச் விஷயத்தை மட்டும் ஒத்துக்கோ. அவனுக்கும் நாலு பேர் முன்னாடி மரியாதை வேணும்ல?”

நான் அக்காவைப் பார்த்தேன். வேன் கைக்கு வந்துவிட்டது. இரண்டு வார்த்தைதான். அம்மா இங்கே இருந்திருந்தால் முதுகில் இடித்துச் சொல்ல வைத்திருப்பாள்.

அக்கா சாவியை எடுத்துப் பானெட்டின் மேல் வைத்தாள்.

“இந்த வண்டி என்னோடது இல்ல சார். ஒத்துக்கறேன். அந்தத் தப்பும் என்னோடது இல்ல. எனக்கும் நாலு பேர் முன்னாடிதான் மரியாதை போச்சு. அவர் மரியாதைக்கு நான் ஏன் சார் பெயிண்ட் அடிக்கணும்?”

சுவரோரம் நின்ற மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். “முதலாளி, என் வண்டிலயும் சாவி போடப் போட கிளட்ச் இறுகுது. ரெண்டு வாரமா. ஹாஃப் கிளட்ச்னு எம் பேர்லயும் சொல்லிடுவீங்களோன்னு வாயத் தொறக்கல. முப்பது வருஷமா ஓட்டறேன், வெக்கமா இருந்துச்சு.”

“எனக்கு இன்னும் இறுகல,” என்றார் வெள்ளை வேன் இளைஞர். “ஆனா நேத்து செல்ஃப் மூணு தடவை கேட்டுச்சு.”

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் பெயிண்டைப் பார்த்தார். “அடியில அடிக்கச் சொன்னது நீங்கதானே மாமா,” என்றார் மெதுவாக.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. முதலாளி பானெட்டிலிருந்த சாவியை ஒரு விரலால் அக்காவின் பக்கம் தள்ளினார். புது நிறத்தில் ஒரு மெல்லிய கீறல் விழுந்தது. அதைக் கவனித்தார்; துடைத்துப் பார்க்கக்கூட இல்லை. “நாளைக்கு மூணு வண்டியும் இங்க நிக்கட்டும். உன் தம்பி வந்து காட்டட்டும். எல்லாரும் இருந்து பாருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா சாவியை எடுத்துக்கொண்டாள். நான் கேபிளை மறுபடி மைனஸில் மாட்டினேன். வீடு திரும்பும்போது தெருமுனையில் அவள், “தொண்டை காஞ்சு போச்சுல்ல உனக்கு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எனக்கும்தான்,” என்றாள்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: ஷெட்டுக்கு உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரீஸ், ஸ்பேனர் கொண்டுபோக வேண்டும். முதலில் நீல வேன், அடுத்து வெள்ளை, கடைசியில் பச்சை. ஒவ்வொன்றிலும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே, சாவியைத் திருப்பிய நிலையில், மைனஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே அளந்துவிட்டு, பெயிண்டை இரும்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். மீட்டரை மச்சான் கையில் கொடுத்து, அவரையே படிக்கச் சொல்ல வேண்டும்.